மாத்தூருக்குக் குடி போனோம்

பிறந்தது முதல் ஐம்பத்து மூன்றாண்டுக் காலத்தை வாடகை வீட்டிலேயே கழித்துவிட்டோம். அதிலும் ஒரே வாடகை வீட்டில். இராயபுரத்தில், தேக்கு உத்தரங்களின் மேல் செங்கற்களை அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்ட பழைய மெத்தை வீடு அது. நடுவில் ஒரு முற்றம்; அதைச் சுற்றி ஐந்து குடித்தனங்கள். கீழக்கரையிலிருந்து வந்து துறைமுகத்தை அடுத்த கிடங்கொன்றில் கணக்கெழுதிய நம் வாப்பா அவர்கள், மாதம் நாற்பத்தைந்து ரூபாய் வாடகைக்கு அங்கே குடியேறினார்கள். 1856-ஆம் ஆண்டில் தென்னகத்தின் முதல் புகைவண்டி புறப்பட்ட நிலையம் நடக்கும் தொலைவில்; பள்ளிவாசல் அதைவிட அண்மையில். வாப்பா அவர்களின் ஜனாஸாவும் அந்த வீட்டு வாசலிலிருந்துதான் புறப்பட்டது. 2023-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வீட்டு உரிமையாளரின் மக்கள் பாகப் பிரிவினை முடித்து, அடுக்ககம் கட்டுவோரிடம் இடத்தை ஒப்படைக்க முடிவு செய்தனர். முறையாக வந்து செய்தி சொன்னார்கள். ஆறு மாதத் தவணையும் தந்தார்கள். அவர்கள் மீது குறை சொல்ல நமக்கு ஒன்றுமில்லை.

அறபு மொழியில் வீட்டுக்குப் ‘பைத்’ என்பது பெயர். இரவைக் கழித்தல் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து பிறந்த சொல் அது. செய்யுளின் ஓரடிக்கும் அதுவே பெயராக அமைந்தது. நம் திருமண வீடுகளில் பெண்டிர் ‘பைத்து’ ஓதுகிறார்களே, அச்சொல்லும் அதுதான். அவ்வடியின் பாதியை ‘மிஸ்ராஃ’ என்பர். இரட்டைக் கதவில் ஒற்றைக் கதவு என்பது அதன் பொருள். தமிழிலோ வீடு என்பது விடுதலையையும் குறிக்கும். வகுப்பில் இவற்றையெல்லாம் சுவைபட எடுத்துரைத்து வந்த நமக்கு, அந்த ஆறு மாதங்களில் வீடு என்னும் சொல்லுக்குக் கிடைத்த பொருள்கள் வேறு: பத்து மாத அட்வான்ஸ், தரகருக்கு ஒரு மாத வாடகை, தனி மீட்டர் உண்டா, மோட்டார் யார் போடுவது, மழை பெய்தால் தண்ணீர் எதுவரை வரும்!

வீடு தேடுவது ஒருவர் வேலையன்று. குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை வீடுகளைத் தேடுகிறோம். எழுபத்தெட்டு வயதைக் கடந்த நம் உம்மாவுக்குப் பாங்கொலி காதில் விழ வேண்டும்; அவர்கள் கையால் வளர்த்த மருதாணித் தொட்டியை வைக்க வெயில்படும் இடம் வேண்டும். நம் துணைவியாருக்குச் சமையற்கட்டில் சன்னலும், குமருப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குத் தனி வாசலும் வேண்டும். நமக்கோ கடல் உப்புக் காற்று படாத ஓர் அறை. ஏனெனில், வாப்பா அவர்கள் விட்டுச் சென்ற ஒரு தகரப் பெட்டி நிறைய அறபுத்தமிழ் நூல்கள் நம்மிடம் உள்ளன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் காலத்தையொட்டிய பழைய கல்லச்சுப் பதிப்புகள் சிலவும் அவற்றில் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை வெளியே எடுத்து, நிழலில் உலர்த்தி, சிதைந்த ஏடுகளைப் படியெடுத்து வைப்பது நம் பொழுதுபோக்கு. நம் மகனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, மொட்டை மாடி. அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது, பன்னிரண்டு புறாக்கள்.

வடசென்னையை அறியாத நேயர்களுக்கு ஒரு சொல். அங்கே புறா வளர்ப்பது பிள்ளை விளையாட்டன்று. வானில் குட்டிக்கரணம் அடிக்கும் கர்ணப் புறா, மணிக்கணக்கில் உயரப் பறந்து தன் மாடிக்கே இறங்கும் சாதாப் புறா, எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு திரும்பும் ஹோமர் என அவற்றுக்கு வகையுண்டு, வாரிசு உண்டு, விலையுண்டு. கம்பும் சோளமும் பட்டாணியும் எந்த விகிதத்தில் கலக்க வேண்டும் என்பதைப் பற்றி மீன்பிடி படகு ஓட்டுபவரும் துறைமுகத் தொழிலாளியும் மணிக்கணக்கில் வாதிடுவதைக் காசிமேட்டில் கேட்டிருக்கிறோம்.

டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. தண்ணீர் வடிந்த மறுவாரமே வீடு பார்க்கக் கிளம்பினோம். இது சரியான காலமா என்று உறவினர் சிரித்தனர். உண்மையில் வீடு பார்ப்பதற்கு அதைவிடச் சிறந்த காலம் இல்லை. சித்திரையில் பார்த்தால் எல்லா வீடும் நல்ல வீடே. மார்கழியில் பார்த்தால் சுவரே சாட்சி சொல்லும். வெள்ளை அடிப்பதற்கு முன் தண்ணீர் நின்ற கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைக் கையால் அளந்து பார்த்தோம். தரகர் முழங்கால் அளவு என்றால், தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் இடுப்பளவு என்பார். சுவரைப் பார்த்தால் கடைக்காரர் சொன்னதே மெய்யாக இருக்கும். ஆகவே தரகரிடம் வாடகையைக் கேளுங்கள். தண்ணீரைக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

திருவொற்றியூரில் பார்த்த வீடு நன்று. ஆனால் சன்னல் கம்பி துரு ஏறிப் பொரிந்திருந்தது. கம்பிக்கே அந்தக் கதி என்றால் நம் கல்லச்சு நூல்கள் என்னாகும்? கொடுங்கையூரில் பார்த்தோம்; குப்பைமேட்டுப் பக்கமிருந்து காற்று வீசியதும் உம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆட்டோவிலேயே அமர்ந்துவிட்டார்கள். மாதவரத்தில் ஒரு மாடி வீடு எல்லா வகையிலும் பொருந்தியது. பேச்சும் முடிந்தது. மறுநாள் தரகர் தொலைபேசியில், “பாய், ஓனர் கொஞ்சம் யோசிக்கிறார்” என்றார். என்ன யோசனை என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நகரத்தில் வீடு தேடிய நம் சமுதாயத்தார் அனைவரும் இந்த யோசனையை அறிவார்கள். அன்று மாலை நம் மகள் மட்டும், “அவங்களுக்கு நம்மைத் தெரியவே தெரியாதே வாப்பா!” என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி வீட்டில் பேச்சில்லை.

இவ்வாறாகத்தான் மாத்தூருக்கு வந்து சேர்ந்தோம். மாதவரத்துக்கும் மணலிக்கும் இடையே உள்ள ஊர். மணலி என்றதும் தமிழ் கற்றவர்க்கு அருணாசலக் கவிராயரை ஆதரித்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் நினைவுக்கு வரலாம். அங்கேயே வாழ்பவர்க்கு 1969-இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், அதையடுத்து 1971-இல் உற்பத்தி தொடங்கிய உர ஆலையும், இரவெல்லாம் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளுமே நினைவுக்கு வரும். மாத்தூர் 2011-இல் மாநகராட்சியோடு இணைந்தது. ஆயினும் யாரைக் கேட்டாலும் ‘எம்.எம்.டி.ஏ. மாத்தூர்’ என்றே சொல்வார்கள். மதராஸ், சென்னை ஆனபோது அந்த ஆணையமும் சி.எம்.டி.ஏ. ஆகிவிட்டது. மக்கள் நாவில் பழைய எழுத்துகளே நிலைத்துவிட்டன.

1977-இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய மதராஸ் நகர வளர்ச்சித் திட்டத்தில், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் ஒரு புது முறையைக் கையாண்டனர். அரசு முழு வீட்டைக் கட்டித் தராது. மனை பிரித்து, சாலையும் தண்ணீரும் கழிவுநீர் வசதியும் செய்து கொடுக்கும். எஞ்சியதை ஏழை எளியோர் தம் கைக்கு எட்டியவாறு சிறுகச் சிறுகக் கட்டிக்கொள்வர். மாத்தூர்த் தெருக்களில் நடந்தபோது அம்முறையின் சாயலைக் கண்டோம். கீழே கல்நார்க் கூரையோடு தொடங்கிய வீடு, மூத்த மகன் வேலைக்குப் போனதும் தளம் பெற்றிருக்கும். மகள் திருமணத்தின்போது மாடிப்படி முளைத்திருக்கும். பேரன் பிறந்ததும் மேலே ஓர் அறை. ஒரு குடும்பத்தின் வரலாற்றைச் சுவரில் படித்துவிடலாம். நமக்கு அந்தத் தெருக்களைப் பிடித்துவிட்டது. பாங்கொலி கேட்கும் தொலைவில் சிறியதொரு பள்ளியும் இருந்தது. புழல் ஏரியின் உபரி நீர் வடகரை, வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூரில் கடலைச் சேர்கிறது. அக்கால்வாயை ஒட்டிய தெருக்களை விலக்கி, மேட்டுப் பக்கமாகத் தேடினோம்.

அங்கேதான் நம் வீட்டில் வழக்கு எழுந்தது.

கீழக்கரைப் பூர்விக வீட்டை விற்று வாரிசுரிமைப்படி பங்கிட்டதில் நமக்கு வந்த தொகையோடு, துணைவியார் தம் நகையில் ஒரு பகுதியைச் சேர்க்க இசைந்ததில், பன்னிரண்டு லட்சம் கையில் இருந்தது. வீடு வாங்க அது போதாது. வங்கிக் கடன் நாம் போகாத வழி. தரகர் ஒரு வீட்டைக் காட்டி, “பாய், ஏழு லட்சம் போக்கியம், மூணு வருஷம் வாடகையே கிடையாது, காலி பண்ணும்போது ஏழு லட்சத்தையும் முழுசா வாங்கிக்குங்க” என்றார். மேட்டுத் தெரு, தனி வாசல், சமையற்கட்டில் சன்னல், மேலே மொட்டை மாடி. துணைவியாரின் கண்கள் மலர்ந்துவிட்டன. மாத வாடகை மிஞ்சினால் மூன்றாண்டில் மகள் திருமணச் செலவுக்கு ஒரு பகுதி சேரும் என்பது அவர் கணக்கு. கணக்கில் பிழையில்லை.

“ஏங்க, ஊரே போக்கியத்துல இருக்கு. ஆலிம்சாக்களும்தான் இருக்காங்க” என்றார்.

அதுவும் உண்மையே. இது நேற்று முளைத்த சிக்கலும் அன்று. நாம் போக்கியம் என்றும் ஒத்தி என்றும் சொல்வது, 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவில் அனுபோக அடமானமாக இடம்பெற்றுள்ளது. அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டளவில், புகாராவிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் இதே வழக்கம் பரவியிருந்தது. கடன் வேண்டுவோர் தம் வீட்டையோ தோட்டத்தையோ விற்பார். விலையைத் திருப்பித் தரும்போது சொத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது உடன்பாடு. அதுவரை வாங்கியவர் பயனை அனுபவிப்பார். ‘பைஉல் வஃபா’ என்று இதற்குப் பெயர். இது விற்பனையா, அடமானமா என்று ஹனபி அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். அடமானமே என்றனர் சிலர். மக்களின் தேவை கருதி இசைந்தனர் வேறு சிலர். துருக்கியர் ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா சட்டத் தொகுப்பிலும் இது இடம்பெற்றது. நம் ஷாபிஈ மத்ஹபில், அடகுப் பொருளின் பயனைக் கடன் கொடுத்தவருக்கு நிபந்தனையாக்குவது செல்லாது. எனினும் ஷாபிஈகள் வாழும் ஹளரமவுத்திலேயே, திருப்பி விற்பேன் என்னும் வாக்கை ஒப்பந்தத்துக்கு வெளியே நிறுத்தி, ‘பைஉல் உஹ்தா’ என்ற பெயரில் இதை நடத்தி வந்தனர். ஆக, போக்கியத்தில் குடியிருக்கும் எவரையும் நோக்கி விரல் நீட்டும் துணிவு நமக்கில்லை. அறிஞர்கள் கருத்து வேறுபட்ட இடத்தில் பாமரரைக் கடிந்துகொள்வது கல்விக்கு அழகன்று.

ஆயினும் புகாராவில் இருந்தது விற்பனை என்னும் பெயரேனும். சென்னையில் நடப்பதில் அதுவும் இல்லை. ஏழு லட்சம் கடன். மூன்றாண்டு வாடகை அதன் ஊதியம். பெயருக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் வாடகை எழுதிக்கொள்வது கண்துடைப்பு என்பது எழுதுபவர்க்கும் தெரியும். இதையெல்லாம் துணைவியாரிடம் விளக்கினோம். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “கிதாபு சரிங்க. பிள்ளைக்கு என்ன செய்யப் போறீங்க?” என்றார். அதற்கு விடை கிதாபில் இல்லை.

முடிவைத் தந்தது கிதாபு அன்று, அந்த வீட்டுக்காரர். இரண்டாம் முறை வீட்டைப் பார்க்கப் போனபோது அவரே இருந்தார். லாரிப் பட்டறையில் வேலை செய்து ஓய்ந்த மனிதர். மனைவியின் சிறுநீரக மருத்துவத்துக்காக வீட்டைப் போக்கியத்துக்கு விட்டு, தாம் மீஞ்சூரில் மைத்துனர் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, பூசை அறையாக இருந்த சிறு மாடத்தைச் சுட்டி, “இதை மட்டும் இடிச்சுடாதீங்க பாய். நாங்க திரும்பி வருவோம்” என்றார். நாம் வெளியே வந்தோம். துணைவியார் தெருமுனை வரை ஒன்றும் பேசவில்லை. பின், “அவங்க நோவுல நாம வாடகை இல்லாம இருக்கணுமா? வேற பாருங்க” என்றார். மத்ஹபுகளின் வாதம் தீர்க்காததை அந்தப் பெண்மணி ஒரு தெருவின் நீளத்தில் தீர்த்துவிட்டார்.

வேறு எதைப் பார்ப்பது? தவணையில் இரண்டு மாதமே எஞ்சியிருந்தது. ஷார்ஜாவில் பணிபுரியும் மச்சானிடம் துணைவியார் இதைச் சொல்லியிருக்கிறார். மறுநாளே மச்சான் பேசினார். ஊருக்குத் திரும்பும்போது சென்னையில் ஒரு மனை வாங்கும் எண்ணத்தில் அவர் சேர்த்து வைத்திருந்த தொகை இருபத்து நான்கு லட்சம். “கடனா வச்சுக்குங்க மச்சான், முடிஞ்சப்போ குடுங்க” என்றார். அவர் பெருந்தன்மை அது. ஆனால் அவருக்கும் மூன்று பிள்ளைகள். வீட்டு விலை ஏற ஏற, அவர் தந்த தொகை அப்படியே நிற்கும். பத்தாண்டு கழித்து அதே இருபத்து நான்கு லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தால், அன்று அதைக்கொண்டு அவர் என்ன வாங்க முடியும்? உறவில் விழும் விரிசல்கள் பலவும் இத்தகைய பெருந்தன்மையிலிருந்தே பிறக்கின்றன.

ஆகவே கூட்டாக வாங்குவோம் என்றோம். இக்கால மார்க்கப் பொருளியலார் இதனைக் ‘குறைந்து செல்லும் கூட்டுரிமை’ என்பர். அறபியில் ‘முஷாரகா முதநாகிஸா’. பெரிய நிறுவனங்கள் ஆயிரம் பக்கத்தில் எழுதுவதை நாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினோம். மேட்டுத் தெருவிலேயே மற்றொரு வீடு முப்பத்தாறு லட்சத்துக்கு முடிந்தது. பழைய வீடு, சிறிய மனை. அதை முப்பத்தாறு பங்காக்கினோம். பன்னிரண்டு நம்முடையவை, இருபத்து நான்கு மச்சானுடையவை. அத்தெருவில் அத்தகைய வீட்டுக்கு மாத வாடகை ஒன்பதாயிரம். அவர் பங்குக்கு ஆறாயிரம் நாம் தர வேண்டும். ஆண்டுதோறும் ஷவ்வால் மாதத்தில், அன்றைய நிலவரப்படி வீட்டை மதிப்பிட்டு, இரண்டு பங்குகளை அவரிடமிருந்து வாங்க வேண்டும். பங்கு கைமாறக் கைமாற வாடகை குறையும். ஒவ்வோராண்டும் பத்திரம் பதிவது செலவு. ஆகையால் வாங்கியது பத்திரப்படி இருவர் பெயரில். இடையில் நடப்பதெல்லாம் சாட்சிகளோடு அந்த நோட்டில். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம் என்பதை நேயர்கள் அறிவார்கள். நம் குடும்பங்களில் அவ்வசனத்தை ஓதுகிறோம். உறவினரிடம் எழுதச் சொன்னால் முகம் சுளிக்கிறோம்.

முகம் சுளித்தார் மச்சான். “ராத்தாகிட்ட வாடகை வாங்குறதா? ஊர் என்ன சொல்லும்?” என்று மூன்று நாள் பேசவே இல்லை. நான்காம் நாள் அவருடைய துணைவியார் நம் துணைவியாரிடம் பேசினார். இரு பெண்களும் என்ன பேசினார்கள் என்று நமக்குச் சொல்லப்படவில்லை. ஐந்தாம் நாள் மச்சான், “சரி மச்சான், எழுதுங்க” என்றார். ஷார்ஜாவிலும் வீட்டில் தீர்ப்பு வழங்குபவர் அவரல்லர் போலும்!

2024-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில் மாத்தூருக்குக் குடி போனோம். புறாக்களைப் பிரம்புக் கூடைகளில் ஏற்றிக்கொண்டு நம் மகன் சிறிய லாரியின் பின்புறத்தில் அமர்ந்து வந்தான். வழியெல்லாம் கூடைகளைத் துணியால் மூடியிருந்தான். பாதையைப் பார்த்தால் திரும்பிவிடுமாம். அறிஞர்கள் சொல்வது வேறு. சூரியனின் நிலையும் பூமியின் காந்தமும் புறாவுக்கு வழிகாட்டுகின்றன என்பர் சிலர். 1970-களில் இத்தாலியின் பைசா நகரத்து ஆய்வாளர்களோ, காற்றில் வரும் மணத்தைக் கொண்டே அது திசை அறிகிறது என்றனர். அக்கருத்து மெய்யானால் மாத்தூரைக் கண்டுபிடிப்பது எந்தப் புறாவுக்கும் கடினமாயிராது. மணலிப் பக்கத்துக் காற்றின் நெடியை முதல் மாதத்தில் நாமே கண்ணை மூடிக்கொண்டு அறியக் கற்றுவிட்டோம்.

பழகிய கூட்டை மறக்கச் செய்வது எளிதன்று. சிறகில் சில இறகுகளை ஒட்டுநாடாவால் சேர்த்துக் கட்டி, கூண்டிலேயே நாற்பது நாள் வைத்தான். அந்நாள்களில் மகனும் நாமும் மாலைதோறும் மாடியில் அமர்ந்து பேசுவது வழக்கமாயிற்று. இராயபுரத்தில் அதற்கு நேரமிருந்ததில்லை. பஸ்ராவின் அறிஞர் ஜாஹிழ், விலங்குகளைப் பற்றிய தம் பெருநூலில் புறாவுக்குப் பல பக்கங்களை ஒதுக்கியதைச் சொன்னோம். சிரியாவை ஆண்ட நூருத்தீன் ஸங்கீ, புறா அஞ்சலுக்கென்றே கோபுரங்கள் அமைத்ததைச் சொன்னோம். நம் நாட்டிலும் ஒரிசாக் காவல்துறை 1946 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் புறா அஞ்சலை நடத்தியது என்றபோது அவன் நம்பவில்லை. தன் கைபேசியில் தேடிப் பார்த்த பிறகே நம்பினான்.

ஒரு நாள், புறாப் பந்தயத்தில் பணம் வைக்கலாமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லி, மதரஸாவில் ஹதீஸ் கலை பயில்வோர் அனைவரும் கேட்டிருக்கும் அந்த வரலாற்றைக் கூறினோம். அப்பாஸிய கலீபா மஹ்தீ புறாவில் பெருவிருப்பம் உடையவர். அவரிடம் வந்த கியாஸ் இப்னு இப்ராஹீம் என்பவர், பந்தயப் பரிசு எவற்றுக்கு ஆகும் என்று நபி மொழி கூறும் பட்டியலில், கலீபாவை மகிழ்விக்கச் ‘சிறகு’ என்ற ஒரு சொல்லைத் தாமே சேர்த்துவிட்டார். கலீபா பரிசளித்து அனுப்பினார். ஆள் நகர்ந்ததும், இவர் பொய்யுரைத்துவிட்டார், அதற்குக் காரணம் நம் புறாக்களே என்று சொல்லி, அவற்றை அறுத்துவிடக் கட்டளையிட்டார். நபி மொழியைக் காப்பதில் முன்னோர் எவ்வளவு விழிப்பாயிருந்தனர் என்பதற்கு எடுத்துக்காட்டாக இதை எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் சொல்லி வந்திருக்கிறோம். நம் மகன் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “பொய் சொன்னது அந்த ஆளு. புறா என்ன வாப்பா செஞ்சுச்சு?” என்று கேட்டான். அந்தக் கேள்வியை நம் வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை.

நாற்பத்தோராம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து கட்டை அவிழ்த்துவிட்டான். பன்னிரண்டும் எழுந்தன, இரண்டு சுற்றுச் சுற்றின. அஸர் வேளைக்குள் எட்டு மறைந்துவிட்டன. மஃக்ரிபுக்கு முன் இராயபுரத்திலிருந்து நம் மூத்த சகோதரியின் தொலைபேசி: “உங்க புறாவெல்லாம் இங்கே வந்து நிக்குது.” பழைய வீட்டின் மாடியை அதற்குள் இடிக்கத் தொடங்கியிருந்தனர். உத்தரங்கள் தெரியத் திறந்து கிடந்த முற்றத்துக்கு மேல் அவை வெகுநேரம் சுற்றினவாம்; பிறகு அடுத்த தெருவில் சகோதரியின் மாடிச் சுவரில் வரிசையாக இறங்கினவாம். மாத்தூரில் தங்கியவை இரண்டு இணைகள் மட்டுமே, இரண்டும் முட்டையிட்டிருந்தன. பதினெட்டு நாள் ஆணும் பெண்ணுமாக மாறி மாறி அடைகாக்கும் பறவை அது. அதை விட்டுவிட்டு எங்கே போகும்?

சகோதரியின் வீட்டில் இருந்தவர்கள் உம்மா. அவர்கள் நம்மோடு மாத்தூருக்கு வரவில்லை என்பதை இதுவரை சொல்லாதிருந்தோம். வீடு முடிந்த நாளில், “நீங்க போங்க வாப்பா. நான் மக வீட்டுல இருக்கேன். எனக்கு ஒரு வீடு இங்கே ரெடியா இருக்கு, அதுக்கு வாடகையும் இல்லை, போக்கியமும் இல்லை” என்றார்கள். வாப்பா அவர்கள் அடங்கியுள்ள மையவாடியைத்தான் சொன்னார்கள். மாத்தூர் பத்துக் கிலோமீட்டர்தான் என்றோம். “பத்துக் கிலோமீட்டர் சந்தூக்கு தூக்க ஆள் கிடைக்குமா?” என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள், ஆயினும் அன்று நாம் உணவருந்தவில்லை. எங்கே இருந்தாலும் இராயபுரத்துக்கே கொண்டுவருவோம் என்று வாக்குக் கொடுத்தோம். அதன்பின் வியாழன்தோறும் மாலையில் வந்து, ஜும்ஆ கழிந்து மஃக்ரிபுக்குத் திரும்புவதாக ஓர் ஏற்பாட்டுக்கு இசைந்தார்கள். மருதாணித் தொட்டியை மட்டும் முன்கூட்டியே நம்மோடு அனுப்பிவிட்டார்கள்; சகோதரியின் மாடியில் வெயில் குறைவு என்று காரணம் சொன்னார்கள்.

புறாக்களைக் கொண்டுவர மகன் கூடையோடு போனான். அவற்றுக்குத் தட்டில் கம்பு வைத்துக்கொண்டிருந்த உம்மா, “அதுக பழகுன இடத்துக்கு வந்திருக்கு. இருந்துட்டுப் போகட்டுமே” என்று தடுத்துவிட்டார்கள். அவன் வெறுங்கூடையோடு திரும்பினான். இப்போது இராயபுரத்தில் எட்டும், மாத்தூரில் பொரித்துப் பெருகியவை பதினாறுமாக இருக்கின்றன. மாத்தூரில் பிறந்தவற்றுக்கு இராயபுரம் தெரியாது. அவற்றில் ஒன்றைக் கூடையில் வைத்து உம்மா வியாழக்கிழமை திரும்பும் ஆட்டோவில்—இல்லை, வெள்ளி மாலை—அனுப்பி, அங்கே மாடியிலிருந்து பறக்கவிடச் சொல்வான். உம்மா ஆட்டோ ஏறிய நேரம், பறவை மாத்தூர் வந்த நேரம் இரண்டையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறான். அதன் காலில் சிலவேளை ஒரு துண்டுக் காகிதம் இருக்கும். தமிழ் எழுத்தைவிட அறபுத்தமிழே உம்மாவுக்குக் கைவந்தது. ஆகவே அக்காகிதங்களைப் படிக்க மகன் நம்மிடம்தான் வர வேண்டும். பெரும்பாலும், வந்து சேர்ந்தேன், மருதாணிக்குத் தண்ணீர் ஊற்று என்பதற்குமேல் அவற்றில் ஒன்றும் இராது. தகரப் பெட்டியில் அவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறோம்.

சென்ற ஷவ்வாலில் முதல் இரண்டு பங்குகளை வாங்கினோம். இவ்வாண்டு மதிப்பீட்டில்தான் இழுபறி. மாதவரம் பால்பண்ணையிலிருந்து சிறுசேரி வரை மெட்ரோ இரயில் வரப்போவதைச் சொல்லி, பங்கொன்றுக்கு ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் என்கிறார் மச்சான். வாடகையே வாங்கமாட்டேன் என்று முகம் சுளித்தவர் அவர்தான்! நம் துணைவியாரோ, தெருவைத் திணறடிக்கும் லாரிகளையும், பின்சுவரில் இன்னும் மறையாத மிக்ஜாம் கோட்டையும் புகைப்படம் எடுத்து அனுப்பி, ஒரு லட்சத்து ஐயாயிரத்துக்கு மேல் ஒரு காசும் ஆகாது என்கிறார். வீட்டை வாங்கிய நாளில் அந்தக் கோடு கணுக்கால் அளவுகூட இல்லை என்று அவரே நமக்குச் சொன்னார். இப்போது அதை முழங்கால் என்று எழுதியிருக்கிறார். இரு தரப்புக்கும் பொதுவான ஆளாக, தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரைக் கேட்பது என்று முடிவாகியிருக்கிறது.